தண்ணி வராத ஓடை

– ரேசன் கார்டு போச்சு. அப்பாவோட இறப்பு சர்ட்டிபிகேட்டு போச்சு. என் பத்தாப்பு மார்க்கு சீட்டு போச்சு. இந்த ஓலப்பொட்டி மட்டும் ஒரு சொட்டு நனையல. அது எப்பிடிம்மா?

– தலையில வச்சிருந்தேன்யா.

– நெஞ்சு மட்டும் தண்ணியாம். பக்கத்து வீட்டு பெத்தம்மா சின்னம்மா சொன்னாக. செவரு ஒண்ணொண்ணா உக்காருது, கயித்தப் போட்டு ஆளுகள இழுக்குறாக, ஜக்கம்மா மட்டும் பொட்டிய விட மாட்டேன்னு ஒத்தக் கையிலதான் கயித்தப் பிடிச்சான்னு. அந்த ஒத்தக் கை வழுக்கியிருந்தா?

– அதான் வழுக்கலயே.

– வழுக்கலயேன்னா! பம்பாயில ரேடியோவுல அருப்புக்கோட்டைன்னு சொன்னப்ப நான் இட்லித் தட்டக் கீழ போட்டுட்டேன். கூட இருந்த பயலுக சிரிக்கான். "ஏலே சதீசு, ஒங்க ஊருல குளிக்கவே தண்ணி கெடையாதும்ப, அங்க எங்குட்டுடா வெள்ளம் வரும்"ன்னு. ரெண்டு நாளு ரயில்ல உக்காந்து வாரேன், ஒரு வாய்ச் சோறு எறங்கல. நீ என்னடான்னா சாமிப் பொட்டிய காப்பாத்துனேங்கிற.

– சாப்புடுறியா இப்ப? வராண்டாவுல உப்புமா போடுறாக. தட்டுதான் இல்ல, தேக்கு எலையில வாங்கியாறேன்.

– வேண்டாம்மா. உக்காரு. இந்தா பாரு, உள்ள என்னதான் இருக்குன்னு. ஒரு செவப்புப் பாவாட. ஒரு சட்ட. நாலு கண்ணாடி வளையலு. இம்புட்டூண்டு பாவாட, என் முழங்கை அளவு கூட இல்ல. நாம கும்புடுற அப்பா வழிக் கன்னிச்சாமி என்ன, கைப்பிள்ளையா? எந்தக் காலத்துல செத்த கன்னியோ. புதுசா ஒண்ணு எடுத்து வச்சா சாமி வேண்டாம்னா சொல்லும்? நாளைக்கு தாசில்தாரு வந்து, நீ யாரு, எந்த வீடுன்னு கேட்டா இந்தப் பாவாடயவா எடுத்துக் காட்டுறது?

– அத மூடு. மூடி பெஞ்சு மேல வையி. பள்ளிக்கூடத்துத் தரை, ஊரே மிதிச்சுக் கெடக்கு.

– சரி, வச்சுட்டேன். கோவிச்சுக்காத. நான் பயத்துல பேசுறேன். எனக்கு பயம் வந்தா வாயி நிக்காதுன்னு ஒனக்குத் தெரியும்ல.

– தெரியும்யா. சின்னதுல இடி இடிச்சா ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் சொல்லுவ.

– இப்ப நூறு பத்தாதும்மா. கேளு. ரெவின்யூ ஆபீசுல இருந்து வந்தவரு என்ன சொன்னாருன்னா, "இந்த வருசம் மட்டும் தண்ணி வந்திருந்தா அது பேய்மழை. யாரு மேலயும் குத்தமில்ல. வீட்டுக்கு அஞ்சு கிலோ அரிசி, ஒரு சேல, ஒரு வேட்டி, அம்புட்டுத்தான். முன்னாடியும் அந்த வழியில வந்திருந்தா அது ஓடை. ஓடைன்னு ஆயிட்டா குறுக்க கட்டுன குடோன் செவர இடிச்சுத்தான் ஆகணும்." அதனால ஊருல எந்தெந்த வருசம் என்ன வந்துச்சு, தண்ணி எம்புட்டு ஒசரம், சேதம் என்ன, சாட்சி யாரு, எல்லாத்தையும் எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டாரு. கட்டம் கட்டமா கோடு போட்டு வச்சுட்டேன். நீ சொல்லு, நான் எழுதுறேன்.

– நமக்கு எதுக்குய்யா இந்த வேல? பதினோரு வீட்டுல வேற ஆளா இல்ல?

– வேற யாரு சொல்லுவா? பெத்தம்மா சின்னம்மாகிட்ட கேட்டேன், "ஒங்கம்மாவக் கேளு"ன்னாக. பால்ச்சாமி மாமாகிட்ட கேட்டேன், "ஒங்கம்மா சொன்னா நாங்க சொல்றோம்"ங்கிறாரு. எல்லாரும் ஒன் மொகத்தப் பாக்குறாக, நீ செவத்தப் பாக்குற. என்னம்மா இது?

– பஞ்சம் வேணும்னா சொல்றேன், எழுதிக்கோ. ஒரு நோட்டு ரொம்பும்.

– அதயும் சொல்லு. எம்பத்தி மூணு நான் எழுதிட்டேன்.

– என்ன எழுதுன?

– மூணு வருசமா மழை இல்ல. ஊருணி வெடிச்சுப் போச்சு. ஊருக் கெணத்துல ஆளு எறங்கி செரட்டையில மோந்து ஊத்துனாக. பரளச்சிப் பக்கம் மாடுகள சும்மா அவுத்து விட்டாக. தெருத் தெருவா கொடும்பாவி இழுத்தாக.

– அத எழுதுனியா? நான் அழுததையும் எழுதுனியா?

– நீ அழுதியா?

– அழுதேன். வைக்கோல்ல பொம்ம கட்டி, மழைய மறிச்ச பாவின்னு இழுத்துட்டுப் போனா பின்னாலயே பொம்பளைக ஒப்பாரி வைக்கணும்ல. எல்லாவளும் முழிச்சாளுக. செத்த ஆளே இல்ல, எப்பிடி அழுகன்னு சிரிச்சாளுக. எனக்கு மட்டும் வந்துச்சு. முக்குக் கடை வரைக்கும் அழுதேன். ஜக்கம்மா ஒப்பாரிக்கே மழை வரும்னாக.

– வந்துச்சா?

– எங்குட்டு வந்துச்சு. நான்தான் ஒரு வாரம் தொண்டையில்லாமக் கெடந்தேன்.

– சரி, இதெல்லாம் பஞ்சம். எனக்கு வெள்ளம் வேணும்மா. சின்னதுல பால்ச்சாமி மாமா சொல்லுவாரே, தனுஷ்கோடி அழிஞ்ச வருசம் இங்கயும் பேஞ்சு, நெசவாளர் தெருவுல தறிக்குழியெல்லாம் தண்ணி ரொம்பி, குழிக்குள்ள தவள கத்துச்சுன்னு.

– அவன் குடிச்சா தவளையும் சொல்லுவான், மீனும் சொல்லுவான்.

– அப்ப அந்த வருசம் தண்ணி வரலியா?

– எனக்கு நெனப்பில்ல.

– கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தது அறுபதுல. நாலு வருசமா இங்கதான இருந்திருப்ப?

– நெனப்பில்லங்கிறேன்ல. வேற கேளு.

– வேற கேக்க என்ன இருக்கு? அம்மா, ஒரு நிமிசம் என்னப் பாரு. நான் அடுத்த வாரம் ரயிலேறணும். நீ மறுபடி அதே எடத்துல செவரு வைப்ப. அந்தக் குடோன் செவரும் அங்கனயேதான் நிக்கும். அடுத்த ஐப்பசிக்கு அந்தச் செவத்துல முட்டித் திரும்பி தண்ணி நம்ம வீட்டுக்குள்ளதான் வரும். நான் அங்க தாராவியில ஒவ்வொரு மழைக்கும் ரேடியோ முன்னாடி முழிச்சுக் கெடக்கணுமா? அந்தச் செவரு போகணும்மா. ஒரே ஒரு வருசம் சொல்லு. ஒண்ணு போதும்.

– அந்தா வாராக பாரு. எந்திரி.

– யாரு?

– மொதலாளி. நூல் கடை மொதலாளி. எந்திரிய்யா.

– எதுக்கு எந்திரிக்க? நம்ம வீட்ட இடிச்ச செவரு அவுகளோடதுதான.

– மொதல்ல எந்திரி. பெறகு பேசு. வாங்க மொதலாளி.

– உக்காரு ஜக்கம்மா, உக்காரு. என்ன இது, எந்திரிச்சுக்கிட்டு. இது யாரு, நம்ம சதீஸ்குமாரா? பெரிய ஆளாயிட்டீங்க தம்பி. பம்பாயி தண்ணி ஒத்துக்கிருச்சு போல.

– தம்பியா? முன்னெல்லாம் ஏலேன்னுதான கூப்புடுவீக.

– அதெல்லாம் அப்ப. பொதுவாச் சொல்றேன், நாலு எடம் பாத்த பிள்ளைய மரியாதையாக் கூப்புடணும்ல. ஜக்கம்மா, ரெண்டு மூட்ட அரிசி வராண்டாவுல எறக்கியிருக்கேன். சேல பதினொண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரி கஸ்தூரி எடுத்துக் குடுத்தா. ஒனக்கு பச்ச புடிக்கும்னு தனியா வச்சிருக்கா.

– எதுக்கு மொதலாளி இதெல்லாம். ஒங்களுக்கும் சேதந்தான.

– சேதமா? குடோன்ல நாப்பது பேலு நூல்கட்டு ஊறி சேறாப் போச்சு. மகன் அசோக்கு ரெண்டு நாளாப் பேச மாட்டேங்கிறான். ஒங்க வீடுகளப் பாத்த பெறகு அதச் சேதம்னு சொல்லவும் வாயி வரல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல ஜக்கம்மா. ரோட்டு வழியா நடக்க முடியல. ஒரு பய ஒண்ணும் சொல்லல. சும்மா பாக்குறானுக. திட்டுனாத் தேவல.

– நீ இரும்மா. நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரியும் மொதலாளி. இந்தா பாருங்க, தாசில்தாருக்குக் குடுக்குற மனுவுலயே எழுதியிருக்கேன். கோவத்துலயும் நாயமா இருக்கணும்ல. படிக்கட்டா? "எண்பத்தி மூன்றாம் வருடக் கடும் வறட்சியில் திரு. பொன்னுச்சாமி அவர்கள் தமது வீட்டுக் கிணற்றை எங்கள் பதினோரு வீடுகளுக்கும் திறந்துவிட்டு, தினம் இரண்டு குடம் தண்ணீர் கொடுத்து எங்கள் உயிரைக் காப்பாற்றினார்." நான்தான தெனமும் வந்து எடுப்பேன். பதிமூணு வயசு எனக்கு. மத்த தெருக்காரன் கேட்டுக்கு வெளிய நிப்பான், பேரச் சொன்னதும் எங்களுக்கு மட்டும் கேட்டு தெறக்கும். எம்புட்டுப் பெருமையா இருக்கும் தெரியுமா? பம்பாயிலகூட சொல்லியிருக்கேன். எங்க ஊருல இப்பிடி ஒரு மொதலாளின்னு.

– அத அடிச்சிரு தம்பி.

– ஏன்?

– அடிச்சிருங்க. அந்த வரி வேண்டாம்.

– நல்லதத்தான எழுதியிருக்கேன்?

– சதீசு, அவுக சொன்னாச் சரிதான். அடிச்சிருய்யா.

– நீயுமா? ரெண்டு பேரும் ஏன் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க மாட்டேங்கிறீக?

– சொல்லிர்றேன் ஜக்கம்மா. எப்படியும் நாளைக்கு தாசில்தாரு முன்னாடி வெளிய வந்துரும். தம்பி, அந்தத் தண்ணிய நான் சும்மா குடுக்கல.

– காசு வாங்குனீகளா?

– காசில்ல. இந்தா, இந்தப் பேப்பரு. எங்க வீடு மச்சு வீடுங்குறதால நனையாம இருக்கு. படிங்க.

– "அருப்புக்கோட்டை ஓடைக்கரையில் குடியிருக்கும் கீழே கண்ட பதினோரு குடும்பத்தார் மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்தது. ஓடை என்று சொல்லப்படும் மேற்படி பள்ளத்தில் நாங்கள் அறிந்த காலம் முதல் தண்ணீர் வந்தது கிடையாது. அதனால் வீட்டுக்கோ, கால்நடைக்கோ, மனித உயிருக்கோ எந்தக் காலத்திலும் சேதம் ஏற்பட்டதில்லை. அதில் கட்டடம் கட்டுவதில் எங்களுக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை." இது என்ன? கீழ பதினோரு கைரேக.

– குடோனுக்கு பிளானு கேட்டிருந்தேன். ஓடைன்னு இருக்கே, குடியிருக்கவுக சம்மதம் வேணும்னுட்டாக. மூணு வருசமா ஒரு பொட்டு மழை இல்ல தம்பி. ஓடையில கருவ முள்ளுதான் மொளச்சுக் கெடந்துச்சு. ஆடு மேயுது, பயலுக கிட்டிப்புள்ளு வெளாடுறான். இதுல எங்குட்டு இனிமே தண்ணி வரும்னு நெனச்சேன். நான் மட்டுமில்ல, ஊரே நெனச்சுச்சு. பொதுவாச் சொல்றேன், மழையே இனிமே கெடையாதுன்னு நெனச்ச வருசம் அது.

– ரேக வச்சாத் தண்ணி. வைக்கலன்னா கேட்டு பூட்டு. அப்பிடித்தான?

– அப்பிடி நான் வாயெடுத்துச் சொல்லல.

– சொல்லல. சாவிய இடுப்புல சொருகிட்டு பேப்பர நீட்டுனீக. அப்பிடித்தான?

– ஆமா.

– அப்ப நான் ரெண்டு கொடம் தூக்கிட்டு ராசா மாதிரி நடந்து வந்தது இதுக்குத்தானா? கேட்டுக்கு வெளிய நின்னவன் எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும் தெரியல. ஐயோ. அந்தச் சோணைமுத்து ஒருநாளு காறித் துப்புனான். பொறாமைல துப்புறான்னு நெனச்சேன் நானு.

– தம்பி...

– இருங்க. மொத ரேக யாரோடது? மங்கலா இருக்கு. "ஜக்கம்மாள், க/பெ சின்னச்சாமி." அம்மா. மொத ரேக ஒன்னுதா?

– ஆமாய்யா.

– மொதல்லயேவா வச்ச? கடைசியாக்கூட இல்லையா? பத்து பேரு வச்ச பெறகு, சரி நாமளும் வைப்போம்னு வச்சியா?

– நான் வச்ச பெறகுதான்யா மத்தவுக வச்சாக. அவுக யாரும் வைக்கிறதா இல்ல. பெத்தம்மா வெளக்குமாத்த எடுத்துட்டு வந்தா. "ஜக்கம்மா வச்சாத்தான் நாங்க வைப்போம், அவ வாயால சொல்லட்டும், தண்ணி வரலன்னு"ன்னு சொன்னா. பதினோரு வீடும் எங்க வாசல்ல வந்து நின்னுச்சு.

– ஏன்? அது என்ன ஒன் வாயிக்கு மட்டும் அம்புட்டு மதிப்பு? நீ என்ன தலையாரியா?

– அந்தப் பொட்டி பெஞ்சு ஓரத்துல இருக்கு, உள்ள தள்ளி வையி.

– சொல்லும்மா. ஏன் நீ வச்சாத்தான் வைப்போம்னாக?

– நீ அப்ப காச்சல்ல கெடந்த. ஒதடு வெடிச்சு ரத்தம் ஒழுகுச்சு. தண்ணி, தண்ணின்னு கேட்ட. கொடத்துல அடிமண்டிதான் இருந்துச்சு, அதத் துணியில வடிகட்டி ஒன் வாயில பிழிஞ்சேன். மண்ணு கசக்குதும்மான்ன. அந்த நேரத்துலதான் இவுக பேப்பரோட வாசல்ல நின்னாக. நான் ஒன்னயப் பாத்தேன். பெறகு கட்டவெரல நீட்டுனேன்.

– அவ நீட்டுனா தம்பி. நான் கையப் பிடிச்சு வைக்கல. ஆனா ஒண்ணு. மொதல்ல ஜக்கம்மா வீட்டுக்குத்தான் போகணும்னு எனக்குத் தெரியும். அவ வச்சுட்டா வேற யாரும் வாயத் தெறக்க மாட்டாகன்னு தெரிஞ்சுதான் போனேன்.

– எனக்கு ஒண்ணும் புரியல. சரி, விடுங்க. போனது போகட்டும். அம்மா, அழுவாத. நீ செஞ்சது தப்பில்ல. பிள்ளைக்கு தண்ணியில்லன்னு ரேக வச்ச. எந்தத் தாயும் வைப்பா. நாளைக்கு தாசில்தாருகிட்ட அதையே சொல்லுவோம். தண்ணிக்காக வச்சோம், அது பொய்யின்னு.

– அதத்தான் தம்பி பேச வந்தேன். அப்பிடிச் சொன்னா பதினோரு பேரும் பொய் எழுதிக் குடுத்ததா ஆகும். என் பேரும் கெடும், அது கெடட்டும். இவுகளையும் கோர்ட்டு கேசுன்னு இழுப்பாக. நான் சொல்றத கேளுங்க. பதினோரு வீட்டுக்கும் செங்கல்லு வச்சு, தகரம் போட்டு நானே கட்டித் தாரேன். நாளைக்கு கேட்டா, பேப்பர்ல இருக்குறதுதான்னு ஜக்கம்மா ஒரு வார்த்த சொன்னாப் போதும். இது பேய்மழை. இதுக்கு முன்னாடி வந்ததில்ல.

– செவரு?

– செவரு இருக்கட்டும். அசோக்கு அந்த ஒரு குடோன நம்பித்தான் இருக்கான். கொஞ்சம் மதகு மாதிரி ஓட்ட விட்டுருவோம்.

– ஓட்ட விடுவீக. அதுல முள்ளு வந்து அடைச்சா? அம்மா, நீ சொல்லு. தகரம் வேணுமா ஒனக்கு? பேசாம உக்காந்திருந்தா எப்பிடி? தண்ணி முன்னாடி வந்துச்சா, வரலியா? ஒரே வார்த்த.

– மொதலாளி, ஒங்களுக்கு அப்ப எத்தன வயசு இருக்கும்?

– எப்ப ஜக்கம்மா?

– தனுஷ்கோடி அழிஞ்ச வருசம்.

– அது... இருவத்திரெண்டு இருக்கும். அது எதுக்கு இப்ப? பிள்ள முன்னாடி.

– பிள்ள முன்னாடிதான் சொல்லணும். இம்புட்டு நாளும் இவன் முன்னாடி சொல்ல எனக்கு வாயில்லாமப் போச்சு. இன்னைக்கு அந்தப் பேப்பர இவன் படிக்கும்போது கேட்டேன் பாருங்க. மனித உயிருக்கு எந்தக் காலத்திலும் சேதம் ஏற்பட்டதில்லைன்னு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்னைக்கு அத யாரும் எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டல. தண்ணி வரலன்னு மட்டுந்தான் எழுதியிருக்குன்னு நெனச்சு ஒம்பது வருசமா மனச ஆத்திக்கிட்டேன்.

– ஜக்கம்மா, வேண்டாம். நான் போறேன். அரிசி இருக்கு, சேல இருக்கு.

– நில்லுங்க. ஒரு நாளும் ஒங்கள நிக்கச் சொன்னதில்ல நான். இன்னைக்கு நில்லுங்க. சதீசு, பேனாவ எடு.

– எடுத்துட்டேன்மா.

– எழுது. தனுஷ்கோடி அழிஞ்ச வருசம், மார்கழி மாசம்.

– அறுபத்தி நாலு. எடம்?

– ஓடை. ஓடைன்னே போடு. பள்ளம்னு போடாத.

– போட்டுட்டேன். தண்ணி எம்புட்டு ஒசரம்?

– எனக்கு இடுப்பு வரைக்கும்.

– இடுப்பளவு. சேதம்னு ஒரு கட்டம் இருக்கு. வீடு எத்தன விழுந்துச்சு?

– வீடு விழுகல. அப்பல்லாம் நாலே குடிசதான். மேட்டுல இருந்துச்சு.

– ஆடு, மாடு?

– இல்ல.

– அப்ப சேதம் இல்லன்னு போடவா?

– போடாத! ஏற்கெனவே ஒரு பேப்பர்ல அப்பிடிப் போட்டாச்சு. எழுது. ஒரு பொம்பளப்பிள்ள. மூணு வயசு. பேரு தங்கத்தாய்.

– தங்கத்தாய். யாரு வீட்டுப் பிள்ளம்மா?

– அந்தப் பொட்டியத் தொற.

– எதுக்கும்மா?

– அந்தப் பாவாட இம்புட்டூண்டா இருக்கேன்னு கேட்டேல்ல. அளவு சரிதான்யா. அவ போட்டிருந்ததுதான் அது. கன்னி ஒங்கப்பா வழியிலயும் இல்ல, தாத்தா வழியிலயும் இல்ல. எம்வயித்துப் பிள்ளதான். ஒனக்கு மூத்தவ. ஓடப் பக்கம் போக நீ பயந்துக்குவன்னு ஒங்கப்பா சொல்ல விடல. ரேக வச்ச பெறகு நான் அந்தப் பொட்டியத் தொறக்கவே இல்ல. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தொறக்க? தண்ணியே வரலன்னு ரேக வச்சவ, தண்ணியில போனவளுக்கு எப்பிடி பொங்க வைக்க?

– அம்மா.

– எழுதுய்யா, நிறுத்தாத. தாசில்தாரு கேப்பாரு, எப்பிடிப் போச்சுன்னு. ஓடையக் கடந்து மேட்டுக்கு வந்தோம். ஒங்கப்பா தரகு மண்டியில இருந்தாரு. தலையில வெதைக் கம்பு மூட்ட, அத ஒரு கையால பிடிச்சிருந்தேன். இன்னொரு கையில அவ. கால் சறுக்குச்சு. ஒரு கைய விடணும். நான் விட்டது அவள. வெதக் கம்ப விடலய்யா நானு. அதுக்கு முந்தி மூணு வருசம் பட்டினி கெடந்தவளுக்குக் கை தானா மூட்டைக்குத்தான் போச்சு. அதான் இந்தத் தடவ பொட்டிய விடல. கயித்த விட்டாலும் விட்டிருப்பேன்.

– எழுதிட்டேன்மா. எனக்கு எழுத்தே தெரியல, கண்ணுல தண்ணி. எழுதிட்டேன். அடுத்த கட்டம் ஒண்ணுதான் பாக்கி. சாட்சின்னு இருக்கு. இருவத்தெட்டு வருசம் ஆச்சு, அப்பாவும் இல்ல. யாரும்மா சாட்சி? யாரு பேரப் போட?

– மறுநாளு கருவ வேருல மாட்டிக் கெடந்தவள முள்ளு கிழிக்க எறங்கி எடுத்து, ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வந்து எம்மடியில போட்டவுக பேரப் போடு. பொன்னுச்சாமி, நூல் கடை. இங்கனதான நிக்கிறாக. பேனாவ அவுககிட்டக் குடு, அவுகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.